கப்பலில் வந்த சிவப்பு

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் எந்த சாமியின் காலடி பட்டது என்று தேடிக்கொண்டு போகாதீர்கள். அது ஜோசப் காலெட் என்கிற வெள்ளைக்காரரின் பெயர். 1717 முதல் 1720 வரை சென்னையின் கவர்னராக இருந்தவர். கம்பெனிக்குத் துணி வேண்டும், துணிக்கு நெசவாளி வேண்டும். கூப்பிட்டு வந்து குடிவைத்து ஒரு கிராமத்தையே உண்டாக்கி, தன் பெயரையும் வைத்துவிட்டுப் போனார். காலெட்பேட்டை நம் ஜனங்கள் வாயில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. கொஞ்சம் தெற்கே வந்தால் வண்ணாரப்பேட்டை. கம்பெனித் துணியை வெளுத்துக் காயப்போட்டவர்களின் பேட்டை. ஆக, வடசென்னை என்று நாம் இன்றைக்குச் சொல்கிற இடம், கண்டெய்னர் லாரியும் எண்ணெய்க் குழாயும் வருவதற்கு ரொம்ப காலம் முன்னால், துணியால் பிழைத்த இடம்.

துணி என்றால் சாயம். சாயம் என்றால் முதலில் சிவப்பு. நம் ஊர்ச் சிவப்பு மண்ணுக்குள்ளிருந்து வந்தது. கடலோர மணலில் விளையும் சாயவேர் என்கிற சின்னச் செடியின் வேர். அதில் தோய்த்த துணி எத்தனை சலவைக்கும் அசையாது. உலகமே கேட்டு வாங்கிய சிவப்பு அது.

ஆனால் லண்டனில் இருந்த கம்பெனி டைரக்டர்களுக்கு வேறொரு சிவப்பின் மீது கண். அந்தக் கண்ணால் நடந்த ஒரு குளறுபடிதான் இந்த வாரம். உலகத்தின் எந்த மூலையில் பூச்சியை வைத்துக் களையை ஒழிப்பது பற்றிப் பாடம் எடுத்தாலும், முதல் அத்தியாயத்தில் இந்தியா வந்தே தீரும். அதற்குக் காரணம் அந்தக் குளறுபடி.

உங்கள் வீட்டு பால்கனியில் செம்பருத்திச் செடி இருக்கிறதா? இலைக்கு அடியில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டினமாதிரி மாவுப்பூச்சி வரும், பார்த்திருப்பீர்கள். அதற்கு ஒரு தூரத்துச் சொந்தம் மெக்சிகோவில் இருக்கிறது. பெயர் கொச்சினீல். சப்பாத்திக்கள்ளியின் மீது உட்கார்ந்து சாற்றை உறிஞ்சி வாழும். பெண் பூச்சிக்குச் சிறகு கிடையாது. ஒரு இடத்தில் வாயை ஊன்றிவிட்டால் சாகும் வரை அங்கேதான். விரலால் நசுக்கினால் ரத்தம் மாதிரி சிவப்பு வரும். தன்னைத் தின்ன வருகிற எதிரிகளை விரட்ட அது வைத்திருக்கும் கசப்பு மருந்து அந்தச் சிவப்பு. மனுஷனோ அதற்காகவே அதைத் தேடிப்போனான்.

இந்தப் பூச்சியைச் சுரண்டி, காயவைத்து, பொடித்தால் சாயம். ஒரு பவுண்டு சாயத்துக்கு எழுபதாயிரம் பூச்சி என்பது அந்தக் காலக் கணக்கு. மெக்சிகோவிலிருந்து ஸ்பெயினுக்குப் போன சரக்கில் வெள்ளிக்கு அடுத்த மதிப்பு இதற்குத்தான். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியின் சிவப்புக் கோட்டு இந்தப் பூச்சி போட்ட சிவப்பு. சரக்கோ எதிரி நாட்டான் கையில்! ஸ்பெயின்காரன் உயிருள்ள பூச்சியை வெளியே விடுவதாக இல்லை. 1777-ல் தியெரி தெ மெனோன்வீல் என்ற பிரெஞ்சுக்காரர் மெக்சிகோவுக்குள் நுழைந்து, பூச்சியையும் கள்ளியையும் ரகசியமாகக் கடத்திக்கொண்டு கரீபியன் தீவுக்கு வந்தார். சினிமாவாக எடுக்கலாம், அப்படிப்பட்ட கதை.

இங்கே சென்னையில் ஒரு டாக்டர் இருந்தார். ஜேம்ஸ் ஆண்டர்சன். ஸ்காட்லாந்துக்காரர், கம்பெனியின் தலைமை மருத்துவர். வைத்தியத்தைவிடத் தோட்டத்தில்தான் மனசு. நுங்கம்பாக்கத்தில் ஆண்டர்சன் சாலை அவர் பெயரில்தான். கதீட்ரல் ரோடு ஜார்ஜ் தேவாலயத்துக்குள் போனால் அவர் சிலையைப் பார்க்கலாம். 1786-ல் இவர் கடற்கரைப் புல்லில் ஒரு பூச்சியைப் பார்த்தார். நசுக்கினார். சிவப்பு! உடனே லண்டனில் சர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் மேல் கடிதம். இதோ நம் நாட்டிலேயே கொச்சினீல் இருக்கிறது என்று ஒரே உற்சாகம். அந்தக் கடிதங்களைப் புத்தகமாகவே அச்சடித்துவிட்டார்கள் என்றால் பாருங்கள்.

அது கொச்சினீல் இல்லை. சாயத்துக்கு உதவாத வேறு ஏதோ ஒரு பூச்சி.

டாக்டர் மனம் தளரவில்லை. பூச்சி பிறகு வரட்டும், முதலில் அதற்குச் சாப்பாடு போட்டு வைப்போம் என்று சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். பார்த்துக்கொண்டவர் அவருடைய சகோதரி மகன், டாக்டர் ஆண்ட்ரூ பெர்ரி. கப்பலில் கள்ளி வந்தது, தோட்டம் வளர்ந்தது, விருந்தாளிதான் வரவில்லை. பந்தல் போட்டு, இலை விரித்து, மாப்பிள்ளைக்காகக் காத்திருக்கும் கல்யாண வீடு மாதிரி சில வருஷங்கள் ஓடின.

1795-ல் மாப்பிள்ளை வந்தார். கேப்டன் ராபர்ட் நீல்சன் என்பவர் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ துறைமுகத்தில் இறங்கியபோது, பூச்சி அப்பிய கள்ளித் துண்டுகளை எடுத்துக் கப்பலில் வைத்துக்கொண்டார். கல்கத்தா வந்து சேர்ந்தபோது கொஞ்சம் பூச்சி உயிரோடு இருந்தது. அங்கே பெருக்கி, அங்கிருந்து சென்னைக்கு. அப்போது சென்னையில் துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும், மசூலாப் படகில் அலையைத் தாண்டித்தான் மனுஷனும் மூட்டையும் கரைக்கு வர வேண்டும். இந்தப் பூச்சியும் அப்படித்தான் குலுங்கிக் குலுங்கி வந்து இறங்கியிருக்கும்.

ஆண்டர்சனுக்கு ஆனந்தம். கள்ளித் தோட்டத்தில் பூச்சி சடசடவென்று பெருகியது. சுரண்டிக் காயவைத்துக் கப்பலேற்றினார்கள். லண்டனில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். சரக்கு மட்டம்.

மாப்பிள்ளை ஆள் மாறாட்டம்! நீல்சன் கொண்டுவந்தது மெக்சிகோவில் மனுஷன் தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பழக்கிய அசல் பூச்சி அல்ல, தென் அமெரிக்கக் காட்டுப் பூச்சி. உருவத்தில் சின்னது, பஞ்சு அதிகம், சாயம் கம்மி. பின்னாளில் அதற்கு அறிவியல் பெயர் வைத்ததிலும் ஒரு வேடிக்கை. 1896-ல் கிரீன் என்ற பூச்சி நிபுணர் அதை இலங்கையில் பார்த்துப் 'சிலோனிக்கஸ்' என்று எழுதிவிட்டார். பிரேசில் பூச்சிக்கு சிலோன் பெயர். பிறந்ததிலிருந்தே அடையாளக் குழப்பம்தான் அதன் தலையெழுத்து.

நான் காமர்ஸ் படித்தவன். எனக்கு இதைப் பேரேட்டில் எழுதத் தோன்றுகிறது. தோட்டச் செலவு, கப்பல் செலவு, கூலி எல்லாம் பற்று. வரவுப் பக்கத்தில் மட்டமான சாயம். கணக்கை முடித்துத் தோட்டத்தை மூடினார்கள். ஆனால் எந்தக் கணக்குப்பிள்ளையும் எழுதாத ஒரு வரவு வெளியே நடந்துகொண்டிருந்தது. கள்ளி செத்துக்கொண்டிருந்தது.

அதில் என்ன வரவு என்கிறீர்களா? கள்ளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சப்பாத்திக்கள்ளி நம் நாட்டுச் செடி அல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர்கள் கொண்டுவந்தது. அந்தப் பெயரிலேயே கூடப் போர்த்துக்கீசிய வாடை அடிக்கிறது. 'சப்பாத்து' என்றால் அவர்கள் பாஷையில் ஷூ. இலங்கைத் தமிழர்கள் இன்றைக்கும் ஷூவைச் சப்பாத்து என்றுதான் சொல்கிறார்கள். தட்டையான அந்த மடலைப் பார்த்தால் சப்பாத்தி மாவைவிடச் செருப்பு அட்டைதான் எனக்கு ஞாபகம் வருகிறது. அகராதியிலும் 'சப்பாத்துக்கள்ளி' உண்டு.

வேலிக்கு இதைவிட மலிவான சரக்கு கிடையாது. தண்ணீர் வேண்டாம், காவல் வேண்டாம், ஆடு மாடு கிட்டே வராது. குதிரைப் படையே தயங்கும். 1760-61-ல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது பிரெஞ்சுக்காரர்களுக்கு முதல் அரணாக இருந்தது ஊரைச் சுற்றி வளர்த்திருந்த முள்வேலிதான். அதில் கள்ளி முக்கியமான சரக்கு. ஆனால் வேலி வேலியாகவே நிற்கவில்லை. ஒரு மடல் உடைந்து விழுந்தால் வேர் விடும். பழத்தைத் தின்ற பறவை விதையைக் கொண்டுபோய் எங்கேயோ போடும். வெட்டினால் ஒன்று பத்தாகும். மேய்ச்சல் நிலம், புறம்போக்கு, உழுது போட்ட காடு எல்லாம் கள்ளிக்காடு. உள்ளே பாம்பு.

இந்தக் காட்டின் மேல்தான் நீல்சனின் பூச்சி உட்கார்ந்தது. குஞ்சுகள் உடம்பில் மெழுகு இழையோடு பிறக்கும், காற்றடித்தால் மிதந்து அடுத்த செடிக்குப் போகும். கூட்டம் கூட்டமாகச் சாற்றை உறிஞ்ச, மடல் வதங்கிச் சுருங்கி விழும். வட இந்தியாவில் கள்ளி மறைவதைப் பார்த்தவர்கள் யோசித்தார்கள். 1836-லிருந்து 1838-க்குள் அந்தப் பூச்சியைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். இந்த முறை சாயத்துக்காக இல்லை, கள்ளியை ஒழிப்பதற்காகவே. பூச்சி சொன்னபடி கேட்டது. 1865 வாக்கில் இங்கிருந்து இலங்கைக்கும் போனது. ஒரு களையை அழிப்பதற்கென்றே ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பூச்சி அனுப்பியது உலகத்தில் அதுதான் முதல் தடவை.

இத்தோடு சுபம் போட முடியாது. நம் ஊரில் கள்ளி ஒரு வகை அல்ல. பூச்சி தின்றது முள் குறைவான, உயரமான ஒரு ஜாதியை மட்டும். முள் நிறைந்த இன்னொரு ஜாதி இருந்தது. அதைப் பூச்சி ஏறெடுத்தும் பார்க்கவில்லை. போட்டியாளன் ஒழிந்துபோக, இது சாவகாசமாகக் காலை நீட்டிக்கொண்டது.

பூச்சியின் இந்த நாக்கு நீளம்தான், அதாவது நாக்குக் குறுக்கம்தான், இந்த வித்தையின் உயிர்நாடி. ஒரே இலையில் ஒரே பதார்த்தம் மட்டும் சாப்பிட்டுவிட்டு, அது தீர்ந்தால் பட்டினி கிடந்து சாகிற ஆள் வேண்டும். எதைப் போட்டாலும் தின்கிற ஆளைக் கூப்பிட்டால் என்ன ஆகும்? கரும்பில் வண்டு என்று 1935-ல் ஆஸ்திரேலியாவில் தென் அமெரிக்கத் தேரையை விட்டார்கள். வண்டைத் தவிர மற்றதையெல்லாம் தின்று, இன்றைக்கு அதுவே அந்த நாட்டுக்குப் பெரிய தொல்லை. அவ்வளவு தூரம் ஏன், நம் ஊர்க் கிணறுகளில் கொசுப்புழுவைத் தின்ன விடுகிறார்களே கம்பூசியா மீன், அதுவும் 1928-ல் இத்தாலியிலிருந்து இறக்குமதி ஆனதுதான். கிணற்றோடு இருந்தால் சரி. ஏரிக்கும் ஆற்றுக்கும் போனால் உள்ளூர் மீனின் முட்டையையும் குஞ்சையும் விடாது.

அந்த ஆஸ்திரேலியாவுக்கும் கள்ளி நோய் இருந்தது. 1787-ல் கைதிகளை ஏற்றிக்கொண்டு போன முதல் கப்பல் கூட்டத்தின் தலைவர் ஆர்தர் பிலிப்பும் வழியில் அதே ரியோவில் இறங்கி, அதே சாய ஆசையில், கள்ளியும் பூச்சியுமாக எடுத்துப் போனார். சாயம் வரவில்லை. பின்னால் வந்து இறங்கிய வேறு கள்ளிகள் கண்டத்தையே பிடித்துக்கொண்டன. 1912-ல் அந்த ஊர் விஞ்ஞானிகள் இருவர் மருந்து தேடி உலகம் சுற்றக் கிளம்பினார்கள். நம் பக்கமும் வந்தார்கள். நீல்சன் பூச்சியின் வம்சம் ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறி, அதற்குப் பிடித்த ஒரு ஜாதிக் கள்ளியை அங்கே ஒழித்தது. மிச்சம் இருந்த பெரும் பங்கை அர்ஜென்டினாவிலிருந்து போன ஒரு அந்துப்பூச்சியின் புழு முடித்துவைத்தது. நன்றிக்கடனாகக் குவீன்ஸ்லாந்தில் ஒரு கிராமத்தார் அந்தப் பூச்சியின் பெயரில் 1936-ல் நினைவு மண்டபமே திறந்தார்கள். இன்னும் இருக்கிறது. தலைவர்களுக்கு மண்டபம் கட்டிப் பழகிய நமக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும்.

கடன் திரும்பி வந்தது. முள் கள்ளியைத் தின்கிற கொச்சினீல் ஒன்று ஆஸ்திரேலியாவில் கிடைத்தது. 1924-ல் அது இலங்கைக்கு வந்தது. 1926-ல் அங்கிருந்து தமிழகத்துக்கு. சில வருஷங்களில் கள்ளிக்காடுகள் சரிந்தன. அடியோடு ஒழியவில்லை. ராமநாதபுரம், தூத்துக்குடிக் கடற்கரைப் பக்கம் போனால் இன்றைக்கும் அங்கங்கே நிற்கும். பழத்தைக் கல்லில் தேய்த்து முள் நீக்கித் தின்று, நாக்கைச் சிவப்பாக்கிக்கொண்ட பிள்ளைகள் தென் மாவட்டங்களில் நிறைய. கள்ளியும் இருக்கிறது, பூச்சியும் இருக்கிறது, இரண்டும் கணக்காக வாழ்கின்றன. இந்த வைத்தியம் பலித்தால் அப்படித்தான் இருக்கும்.

அதே 1920களில் இந்தியப் பெருங்கடலின் அந்தப் பக்கம் நடந்ததையும் சொல்ல வேண்டும். மடகாஸ்கர். தீவின் தென்கோடி வறண்ட பூமி. அங்கேயும் கள்ளியைக் கொண்டுவந்து வைத்தவர்கள் ஐரோப்பியர்கள்தான், பிரெஞ்சுக்காரர்கள். 1769-ல் கோட்டைக்கு வேலியாக. நம் புதுச்சேரி கதைதான். ஆனால் அங்கிருந்த அன்டன்ட்ராய் மாட்டுக்காரர்கள் கள்ளியைத் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். கோடையில் முள்ளைச் சுட்டுவிட்டு மாட்டுக்குப் போடுவார்கள். தீவனமும் அதுதான், தண்ணீரும் அதுதான். பழம் மனுஷனுக்கு. கிராமத்தைச் சுற்றிக் கள்ளி அரண். 1900-க்குப் பிறகு பிரெஞ்சுப் படை அந்தப் பகுதியைப் பிடிக்கப் போனபோது இந்தக் கள்ளிதான் குறுக்கே நின்றது.

1920களின் நடுவில் பிரெஞ்சு ஆட்சியில் அங்கே கொச்சினீல் பூச்சி விடப்பட்டது. இங்கே செய்த அதே வேலையை அங்கேயும் ஒழுங்காகச் செய்தது. நாலைந்து வருஷத்தில் கள்ளி காலி. அடுத்து மழை பொய்த்தது. மாடுகள் மந்தை மந்தையாகச் செத்தன. மனுஷர்கள் ஆயிரக்கணக்கில் பஞ்சத்தில் செத்தார்கள், பிழைத்தவர்கள் கூலி தேடி ஊரை விட்டுப் போனார்கள். யார் எதற்காகப் பூச்சியை விட்டது என்று சரித்திரக்காரர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மாட்டுக்காரனிடம் யாரும் கேட்கவில்லை என்பதில் மட்டும் சண்டை இல்லை.

பூச்சிமருந்தாக இருந்தால் அடிப்பதை நிறுத்திவிடலாம். பூச்சியை வாபஸ் வாங்க முடியாது. அதனால்தான் இப்போது இத்தனை கெடுபிடி. 2008-ல் கோவைப் பக்கம் பப்பாளியில் ஒரு புதுவகை மாவுப்பூச்சி வந்தது. மெக்சிகோ வம்சம். பப்பாளி, மரவள்ளி, பட்டுப்புழுவுக்கான மல்பெரி என்று எல்லாவற்றிலும் ஏறியது. எந்த மருந்துக்கும் மசியவில்லை. 2010-ல் பெங்களூரில் இருக்கும் மத்திய அரசு ஆய்வகம், அமெரிக்க வேளாண் துறை மூலம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை வரவழைத்தது. குளவி என்றதும் பயப்பட வேண்டாம், எறும்பைவிடச் சின்னது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே தின்று வெளியே வரும். அடைத்துவைத்து, வேறு எதையாவது தொடுகிறதா என்று பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகே வயலுக்கு விட்டார்கள். ஒரு வருஷத்துக்குள் மாவுப்பூச்சி அடங்கியது.

2020-ல் மரவள்ளிக்கே உரிய இன்னொரு மாவுப்பூச்சி கேரளாவில் தலைகாட்டி, சேலம், நாமக்கல் வரை வந்தது. உங்கள் பாயசத்து ஜவ்வரிசிக்கே ஆபத்து. இதே பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கான ஏழைகளின் சோற்றில் கை வைத்தது. அப்போது ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிஸ் விஞ்ஞானி தலைமையில், 1981-ல் பராகுவேயில் கண்டுபிடித்த ஒரு குளவியை ஆப்பிரிக்கா முழுக்கப் பரப்பினார்கள். அதற்காக அவருக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்தக் குளவியின் வம்சத்தைப் பெனின் நாட்டிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவந்து சோதித்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வைத்து விட்டார்கள். ஆண்டர்சன் சாயம் என்று நம்பி எதையோ விட்டதற்கும் இதற்கும் நடுவே இருநூறு வருஷப் பாடம் இருக்கிறது.

திருவொற்றியூருக்கே திரும்புவோம். இன்னும் வடக்கே எண்ணூர். கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற கழிமுகம். காலெட் காலத்தில் மசூலாப் படகு ஒதுங்கிய இந்தக் கரையோரத்தில் இன்றைக்குச் சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி என்று வரிசையாகத் துறைமுகங்கள். கப்பலில் வரும் தானியத்தையும் மரத்தையும் தாவரப் பாதுகாப்பு அதிகாரிகள் சோதிப்பார்கள். புகை போடுவார்கள். ஆனால் கப்பலின் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டும், பாரத்துக்காக நிரப்பிய கடல் தண்ணீரிலும் வருகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் யார் பார்ப்பது?

அப்படித்தான் வந்திருக்க வேண்டும் என்கிறார்கள், காக்கா ஆழியை. கறுப்பு நிறச் சிப்பி. இதுவும் நீல்சனின் பூச்சி வந்த தென் அமெரிக்கப் பக்கத்து ஜென்மம். எண்ணூர்க் கழிமுகத்தின் அடியில் கம்பளம் விரித்தமாதிரி நெருக்கி ஒட்டிக்கொண்டு பரவிவிட்டது. இறால் சேற்றுக்குள் புதைந்து வாழ்கிற பிராணி. சேற்றின் மேல் சிப்பி கூரை போட்டுவிட்டால் அது எங்கே போகும்? தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்குத்தான் இது முதலில் தெரிந்தது. இறால் கிடைக்கவில்லை, கையிலும் காலிலும் சிப்பி கிழித்தது. விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது.

இதை மட்டும் தின்கிற ஒரு ஜீவனைக் கொண்டுவந்து விடக் கூடாதா? கேட்கத் தோன்றும். வயலில் பலித்த இந்த வித்தையைக் கடலில் துணிந்து செய்து பார்த்தவர்கள் இல்லை என்றே சொல்லலாம். வேலி போட முடியாத இடம். அலை எங்கே கொண்டுபோகும் என்று சொல்ல முடியாது. அந்த ஜீவன் காக்கா ஆழியை விட்டுவிட்டுப் பழவேற்காட்டுப் பக்கம் வேறு எதையாவது ருசி பார்த்தால், கணக்கு அன்டன்ட்ராய் மாட்டுக்காரன் கணக்காகிவிடும்.

ஆக, மிச்சம் இருக்கும் வழி அள்ளுவதுதான். சிப்பி ஒன்றோடொன்று நூல் விட்டுப் பின்னி, சேற்றையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அள்ளினால் ஆற்றின் அடிமண்ணோடுதான் வரும். இறாலின் வீடும் அந்த மண்தான்.